ஒரு பூவுக்கு ஓர் எட்டு

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ‘இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு’ என்று சொல்லிப் பாருங்கள். தலையை ஆட்டும். கரும்பலகையில் எழுதச் சொன்னால் சுழியம் குறையாமல் எழுதும். ஆனால் பாட்டிக்குக் கல்யாணம் ஆனதும், பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததும் அதன் மனத்தில் அடுத்தடுத்த வாரங்களில் நடந்தவை. காலத்தின் நீளம் உடம்புக்குத் தெரியாத பிள்ளைக்கு மூவேந்தரைப் பற்றிச் சொல்வது, மலையையே பார்த்திராத பிள்ளையிடம் மேகம் காலடியில் ஓடும் என்று சொல்வதைப் போன்றது. நம்பும், ஆனால் அறியாது.

கொடைக்கானல் மலையில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். வரலாறு என்று எங்களுக்குத் தனிப் பாடவேளை கிடையாது. திசைகள், வரைபடம், சாலை விதிகள், உள்ளாட்சி ஆகியவற்றுக்கு நடுவில் சில பக்கங்களில் அரசர்களும் வள்ளல்களும் கோட்டைகளும் வந்து போவார்கள். அந்தச் சில பக்கங்கள்தான் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. யார் எதைச் சொன்னாலும் அப்படியே விழுங்குகிறவராகப் பிள்ளை வளருமா, ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று மரியாதையோடு கேட்கிறவராக வளருமா என்பது இந்தப் பக்கங்களை நாம் நடத்தும் விதத்தைப் பொறுத்தது என்று உறுதியாக நம்புகிறேன். பத்து வயதுக்குள் அந்தக் கேள்வி நாக்கில் பழகிவிட வேண்டும்.

காலத்தை அளக்க எங்கள் மலையே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. இந்த மலையின் பழங்குடியினரான பளியர்கள் தங்கள் வயதையே குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்வார்கள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018இல். அதற்கு முன் 2006, அதற்கு முன் 1994. எல்லாப் புதரும் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. இடையிடையே சில சரிவுகளில் வேறு ஆண்டுகளிலும் பூக்கும். ஆனாலும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குக் கிடைக்கவில்லை. நூறு ஆண்டு என்பது வெறும் எண். பன்னிரண்டு ஆண்டு என்பது பக்கத்து வீட்டு அக்காவின் வயது.

ஆகவே ஒரு பூவுக்கு ஓர் எட்டு, அதாவது ஒரு காலடி, என்று வைத்துக்கொண்டோம். வராந்தாவின் முனையில் 2018 என்று எழுதிய அட்டையோடு ஒரு பிள்ளை நிற்கும். அங்கிருந்து பின்னோக்கிக் காலத்தில் நடக்கிறோம். முதல் எட்டில் 2006. இரண்டில் 1994, அம்மா அப்பாவில் சிலர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். ஆறாம் எட்டு 1946, நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய ஆண்டு. எட்டாம் எட்டுக்கும் ஒன்பதாம் எட்டுக்கும் நடுவில் ஒரு கோடு: 1914, வத்தலக்குண்டிலிருந்து நம் ஊருக்குக் கார் ஏறி வரும்படி மலைச்சாலை முடிந்த ஆண்டு. பத்தாம் எட்டை ஒட்டிச் சூரிய ஆய்வுக்கூடம். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததால் இங்கே வந்தது அது. பதின்மூன்றாம் எட்டில் 1862. அதற்கு அடுத்த ஆண்டுதான் நம் ஏரி உண்டானது.

பிள்ளைகள் பெரிதும் அதிர்ந்துபோவது இந்த இடத்தில்தான். ஏரி உலகம் தோன்றிய நாள் முதல் அங்கே கிடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பதின்மூன்று எட்டு! வராந்தாகூடத் தாண்டவில்லை! மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்சு தம் சொந்தப் பணத்தைப் போட்டு, ஓடை ஓடிய சதுப்பு நிலத்தில் கரை கட்டி நீரைத் தேக்கினார் என்று சொன்னதும், ஏரிக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, மாடு மேய்ந்ததா, தவளை இருந்ததா என்று கேள்விகள் கிளம்பும். கேட்கட்டும். அன்றைக்குப் பாடம் அங்கேயே நின்றாலும் எனக்குச் சம்மதம்.

வராந்தாவை விட்டு இறங்கி மைதானத்துக்கு வந்தால் இருபத்தேழாம் எட்டில் 1694. அதற்கு முந்தைய ஆண்டு ஓரியூரில் போர்த்துக்கீசியக் குரு அருளானந்தர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார். அதற்குப் பிறகு, கோயிலுக்குப் போகும் பாதையில், சிறு குகை போன்ற மாதா கெபி வரை, அட்டை எதுவும் வைக்காமல் நடக்கச் செய்கிறேன். எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். ஐம்பது, அறுபது, தொண்ணூறு. பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். “இங்கே ஒன்றுமே நடக்கவில்லையா டீச்சர்?” என்று கேட்பார்கள். நடந்தது, ஒவ்வோர் எட்டிலும் பிள்ளைகள் பிறந்தார்கள், பசித்தார்கள், மழைக்குக் காத்திருந்தார்கள். நம் கையில் இருக்கும் சான்றுதான் குறைவு. அந்த நீண்ட வெறுமையை அவர்கள் கால்கள் உணர வேண்டும். அதற்காகவே இடையில் சோழரையும் நாயக்கரையும் வேண்டுமென்றே வேறு நாளுக்குத் தள்ளிவைக்கிறேன்.

நூற்று அறுபத்தாறாம் எட்டில் கெபி வந்துவிடும். கணக்குப்படி அது கி.பி. 26. இயேசு பாலஸ்தீனத்தில் வாழ்ந்த காலம். அந்த இடத்தில் ஓர் அட்டை. அதன் அருகிலேயே, ஏறத்தாழ என்ற சொல்லோடு, இன்னோர் அட்டை: பேகன்.

வையாவிக் கோப்பெரும் பேகன் எங்கள் மலைக்காரர். ஆவியர் குடித் தலைவர். சங்கப் பாடல்களில் பொதினி என்று வருவதுதான் இன்றைய பழனி. அந்த அடிவாரம் முதல் இந்த மலை முழுவதும் அவருடைய நாடு என்றுதான் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். இரண்டு அட்டைகளையும் பார்த்த ஒரு மாணவி, “அப்படியானால் இயேசுவும் பேகனும் ஒரே காலத்தவர்களா டீச்சர்?” என்று கேட்டாள். நான் பல ஆண்டுகளாகக் காத்திருந்த கேள்வி அது. இயேசு மறைக்கல்விப் புத்தகத்தில் இருக்கிறார். பேகன் தமிழ்ப் புத்தகத்தில் இருக்கிறார். எங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஓர் அறைக்கும், மற்ற பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்கு வேறோர் அறைக்கும் போவார்கள். இரண்டு அறைகளிலும் ஓடும் காலம் ஒன்றே என்பது அந்தக் கெபியின் முன்னால்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

அங்கிருந்து ரோமாபுரிக் காசுக்குப் போவது எளிது. வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு காசைக் காட்டச் சொல்லி, அதில் இருப்பது யாருடைய உருவம் என்று கேட்கிறார். சீசருடையது என்கிறார்கள். அந்த நாளில் ஆண்ட சீசர் திபேரியுஸ். அதே திபேரியுஸின் முகம் பதித்த வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலும், பொள்ளாச்சியிலும் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. பொள்ளாச்சி எங்கே இருக்கிறது? பழனியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். வகுப்பில் பாதிப் பேர் போய் வந்த ஊர். “இயேசு கையில் வாங்கிப் பார்த்த காசா?” என்று ஒருவன் கேட்டான். அதே காசு இல்லை. அதே அரசனின் காசு. அது எப்படி இங்கே வந்தது என்று அடுத்த கேள்வி. மிளகுக்காக வந்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று அகநானூறு சொல்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் இன்றும் காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களில் மிளகுக் கொடி படர்கிறது. அப்பகுதிப் பிள்ளை ஒன்று என் வகுப்பில் இருந்தது. அன்று முழுவதும் அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

பேகன் கதைக்குத் திரும்புகிறேன். குளிரில் நடுங்கும் என்று மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று புத்தகம் சொல்லிவிட்டு அடுத்த வள்ளலுக்குப் போய்விடும். எங்கள் பிள்ளைகளுக்குக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதை விடியலில் பார்க்கிறவர்கள். “மயிலுக்குத்தான் இறகு இருக்கிறதே, அதற்கு எதற்குப் போர்வை?” என்றான் ஒருவன். “மயில் இந்த உயரத்துக்கு வராது, கீழேதான் இருக்கும், கீழே அவ்வளவு குளிராது” என்றாள் இன்னொருத்தி. அருமையான எதிர்வாதங்கள். இவற்றை அடக்கிவிட்டு ‘கொடையின் சிறப்பு’ என்று நோட்டில் எழுதவைத்தால் அந்த இரண்டு மூளைகளையும் நானே மூடிவிட்டவள் ஆவேன்.

அதனால் யார் இதைச் சொன்னார்கள் என்று பார்த்தோம். ‘கான மஞ்ஞைக்குக் கலிங்கம் நல்கிய’ என்று சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாடுகிறார். அதில் பேகன் பிற வள்ளல்களோடு சேர்த்துப் புகழப்படுகிறார். ஆனால் பரணர் புறநானூற்றில் பாடியது வேறு விதம். பேகன் தம் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணிடம் இருந்துவிட்டார். பரணர் போய், எனக்குப் பசியும் இல்லை, காப்பாற்றச் சுற்றமும் இல்லை, நான் கேட்கும் பரிசு ஒன்றுதான், இன்றிரவே தேர் ஏறிப் போய் அவள் துயரத்தைத் தீர் என்கிறார். கபிலர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோரும் இதையே கேட்டுப் பாடியிருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் நான் கேட்டது இதுதான்: பரிசு தருகிறவரைப் புகழ்ந்து பாடுவது எளிது, அதில் கொஞ்சம் மிகையும் இருக்கலாம். பரிசு தருகிறவரிடம் போய் ‘நீ செய்தது சரியில்லை’ என்று சொல்வது எளிதா? இல்லை என்றார்கள். ஒருவர் மட்டுமல்ல, நான்கு பேர் அதைச் சொல்கிறார்கள் என்றால்? அப்படியானால் அது நடந்திருக்கும் என்றார்கள். மயில் கதையைவிட இந்தக் கதை நம்பத் தகுந்தது என்று அவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். மயிலைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கொடுத்திருக்கலாம், கொடுக்கிற மனசுக்காரர் என்று காட்ட அப்படிப் பாடியும் இருக்கலாம். கடைசி இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அவர் வீட்டுக்குத் திரும்பிப் போனாரா?” என்று கேட்டாள். பாட்டில் அது இல்லை. இல்லை என்றே சொன்னேன். அவள் நெடுநேரம் உட்காராமல் நின்றிருந்தாள். சான்று நின்றுவிடும் இடத்தில் ஆசிரியரும் நின்றுவிட வேண்டும். நல்ல முடிவு ஒன்றைப் புனைந்து கொடுத்து அனுப்ப எனக்கும் ஆசைதான். ஆனால் அது வரலாறு ஆகாது.

இன்னும் முப்பது, நாற்பது எட்டு தள்ளிப் போனால் கோயில் படிகள் வரும். அங்கே கல்திட்டைகள். எங்கள் மலையில் பேத்துப்பாறை, தாண்டிக்குடிப் பக்கங்களில் பலகைக் கற்களைச் சுற்றி நிறுத்தி மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த அமைப்புகள் இருக்கின்றன. இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள் அவை. குள்ளர் வாழ்ந்த வீடு என்பார்கள், பாண்டவர் தங்கிய இடம் என்பார்கள். பிள்ளைகளும் குள்ளர் கட்சிதான். சத்துணவுக் கூடத்தின் பழைய ஆட்டுக்கல்லை நான்கு பேர் சேர்ந்து நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். அசையவில்லை. பிறகு மூடுகல்லின் அளவை மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்து காட்டினேன். குள்ளர் கட்சி தானாகக் கலைந்துவிட்டது. செண்பகனூரில் இருந்த இயேசு சபைக் குரு ஆங்கிலேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து பழனி மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதியது 1928இல் தொல்லியல் துறையின் வெளியீடாகவே வந்தது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தபோது ஈமக் குழிகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தச் சிவப்புக் கல் நம் தோட்டங்களில் மண்வெட்டி போட்டால் கிடைப்பதா? இல்லை. அப்படியானால் யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள், யாரோ எதையோ கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒரு மணியிலிருந்து ஒரு சந்தைப் பாதை வரை பிள்ளைகள் தாங்களே போய்ச் சேர்ந்தார்கள்.

இனி, இந்தப் பள்ளியில் நான் மிகுந்த கவனத்தோடு நடத்தும் பாடம். சலேத் அன்னை.

கொடைக்கானல் கத்தோலிக்கருக்கு ஆகஸ்டு மாதம் என்றாலே சலேத் மாதா திருவிழா, தேர்பவனி. 1866இல் பிரெஞ்சுக் குரு சான் சீர் எழுப்பிய கோயில் அது. பதின்மூன்றாம் எட்டை ஒட்டியே நிற்கிறது. ஏரிக்கு மூன்று வயது இளையது. அந்தக் கோயிலின் கதை பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் தொடங்குகிறது. 1846 செப்டம்பர் 19 அன்று மெலனி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகள் மலைச்சரிவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வயது 14, அவனுக்கு 11. அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் சொன்னவற்றில் ஒன்று, உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றியது.

உருளைக்கிழங்கு என்றதும் என் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். மன்னவனூர், பூம்பாறை, வில்பட்டிப் பிள்ளைகளுக்கு அது பாடமல்ல, வீடு. இலை கருகுவது, அப்பா மருந்து அடிப்பது, தோண்டினால் கிழங்கு நாறுவது எல்லாம் தெரிந்தவர்கள். 1845, 1846 ஆண்டுகளில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் அந்தக் கருகல் நோய் பரவியது. அயர்லாந்தில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பல் ஏறி வெளியேறினார்கள். ஆக, அந்த இரண்டு பிள்ளைகளும் மேய்ச்சல் புல்லில் உட்கார்ந்து கேட்டது தங்கள் ஊரின் பசியைப் பற்றித்தான். இதைச் சொல்லும்போது மாதா ஒரு சொரூபமாக மட்டும் இல்லாமல், விளைச்சல் போன ஒரு மலைக் கிராமத்தின் நடுவில் நிற்பவராகப் பிள்ளைகளுக்குத் தெரிகிறார்.

பிறகு அதே கேள்வி: எப்படித் தெரியும்? மறுநாளே அந்தப் பெண்பிள்ளை வேலை செய்த வீட்டுக்காரர், பிள்ளைகள் சொன்னதைத் தாளில் எழுதிவைத்தார். பெரியவர்கள் அவர்களைத் தனித்தனியே அழைத்து மீண்டும் மீண்டும் விசாரித்தார்கள். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்கிறார்களா என்று சோதித்தார்கள். ஐந்தாண்டுக்குப் பின், 1851இல்தான் அப்பகுதியின் பிஷப்பான கிரனோபிள் ஆயர் இதை நம்பலாம் என்று அறிவித்தார்.

ஒரு மாணவனின் தந்தை மறுநாள் என்னைப் பார்க்க வந்தார். பக்தியுள்ள மனிதர், திருவிழாவுக்குத் தேர் தூக்குகிறவர். “மாதா காட்சி கொடுத்தது உண்மையா என்று பிள்ளைகளை விவாதிக்கச் சொன்னீர்களாம் டீச்சர். விசுவாசத்தைப் போய் இப்படிக் கேட்கலாமா?” என்றார். அவர் கோபத்தில் இருந்த அன்பு எனக்குத் தெரிந்தது. “ஆயரே ஐந்து ஆண்டு கேட்டாரே ஐயா” என்றேன். அந்த விசாரணையின் கதையை அவருக்கும் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. தலைமுறைகளாகத் தேர் தூக்கும் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. அரை மணி நேரம் நின்று கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவரே கேட்டார். நான் ஜெபமாலை சொல்கிறவள், சலேத் மாதாவிடம் அழுதவள். கேள்வி கேட்டால் விசுவாசம் உடையும் என்று நான் நினைத்திருந்தால், முதலில் நான் உடைந்திருப்பேன்.

இந்தப் பாடத்துக்குப் பிறகு சுவரில் ஓர் அட்டவணை தொங்கவிட்டோம். கண்டவர் சொன்னது, கேட்டவர் சொன்னது, வழிவழியாக வருவது என்று மூன்று பகுதி. படிக்கிற ஒவ்வொன்றையும் ஒரு பகுதியில் போட வேண்டும். அருளானந்தர் தம் கையால் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, முதல் பகுதி. இயேசுவின் சீடர் புனித தோமா மயிலாப்பூருக்கு வந்தது மூன்றாம் பகுதி. மூன்றாம் பகுதி தாழ்ந்தது இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவர்கள், எழுத விடப்படாதவர்கள் அனைவரின் வரலாறும் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு எங்கள் மலையே சாட்சி. 1914க்கு முன் துரைமார்களும் துரைசானிகளும் குருக்களும் எப்படி மேலே வந்தார்கள்? அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை வந்து, அங்கிருந்து குதிரையில், அல்லது டோலியில், நாற்காலியில். டோலி தானாக ஏறாது. ஆள் தூக்க வேண்டும். வந்து தங்கியவர்கள் பெயரில் பங்களாவும் சாலையும் நடைபாதையும் இருக்கின்றன. தூக்கியவர் பெயர் ஒன்றும் எங்கும் இல்லை. வெள்ளகவிப் பக்கத்தில் உறவினர் உள்ள ஒரு மாணவன், “எங்கள் தாத்தாவின் அப்பா தூக்கியிருக்கிறார் என்று வீட்டில் சொல்வார்கள்” என்றான். மூன்றாம் பகுதியில் அவனே எழுதி ஒட்டினான். லெவிஞ்சின் அட்டைக்கு இணையான அளவில் அட்டை வெட்டிக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

எழுதப்பட்ட சான்று எதிர்பாராத வீடுகளிலும் இருக்கிறது. வீட்டில் உள்ள மிகப் பழைய தாளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று ஒரு முறை வேலை கொடுத்தேன். மறுநாள் ஒரு மாணவியின் பாட்டியே வந்துவிட்டார், முந்தானையில் சுற்றிய பிளாஸ்டிக் பையோடு. உள்ளே இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை. “டீச்சரம்மா, பிள்ளையிடம் கொடுத்தனுப்பப் பயம். அதனால் நானே கொண்டுவந்தேன்” என்றார்.

1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பாட்டி 1970களில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் சீகை மரம் வெட்டும் வேலைக்கு இந்த மலைக்கு வந்தவர். அவரை வகுப்பில் என் நாற்காலியில் உட்காரவைத்தேன். பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்க வேண்டுமே! கப்பலில் சாப்பாடு கொடுத்தார்களா? வளர்த்த நாயை என்ன செய்தீர்கள்? அங்கேயும் குளிருமா? நாயைப் பற்றிக் கேட்டதும் பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, லயத்து வரிசை வீட்டின் பின்பக்கம் கட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். ஒப்பந்தத்தின் எண்ணை என் பிள்ளைகள் மறந்துவிடலாம். அந்த நாயை மறக்க மாட்டார்கள். அதன் வழியாக எண்ணும் ஒரு நாள் திரும்பி வரும்.

தொடக்க வகுப்புப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை. லட்சக்கணக்கான மனிதர்களின் இடப்பெயர்வு அது. அவர்களின் பேரப்பிள்ளைகள் என் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலாம், நாலரை எட்டில் அவர்களுக்கு ஒரு கோடு போடாமல் நூற்று அறுபத்தாறாம் எட்டுக்குத் தாவ எனக்கு மனம் வராது. ‘பாடம் முடியவில்லையே’ என்று கவலைப்படும் ஆசிரியத் தோழிகளுக்கு நான் சொல்வது, புத்தகத்தையும் முடிக்கிறேன் என்பதுதான். தேர்வுக்கு வேண்டியதைப் பிள்ளைகள் விரைவாகப் படித்துவிடுகிறார்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கு மீதியை வைக்க இடம் கிடைத்துவிடுகிறது.

இப்போது வகுப்பில் ஒரு குறிப்பேடு நடக்கிறது. சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படம் எடுத்து வைத்துவருகிறார்கள் என்று சொன்னபோது, நாமும் தினமும் ஒன்று எழுதிவைக்கலாமே என்று பிள்ளைகளே கேட்டுத் தொடங்கியது. நாளுக்கு ஒரு பிள்ளை. மூடுபனி, மழை, வராதவர் பெயர், நடந்த ஒரு செய்தி. போன வகுப்பு எழுதியதை இந்த வகுப்பு படிக்கிறது. காட்டுமாடுகள் மைதானத்துக்குள் வந்த நாளைப் பற்றி அன்றைக்கு எழுத வேண்டியவன் மூன்று என்று எழுதியிருக்கிறான். அடுத்த நாள் எழுதியவள், தன் பக்கத்தில் ஐந்து என்று திருத்திப் போட்டிருக்கிறாள். இந்த வகுப்புக்கு அது பெரிய வழக்காகிவிட்டது. எழுதிய இருவரும் இப்போது ஐந்தாம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். இடைவேளையில் தனித்தனியே அழைத்து விசாரித்தார்கள், கிரனோபிள் ஆயரைப் போலவே. அவன் வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தானாம். அவள் சத்துணவுக் கூடத்தின் பக்கம் நின்றாளாம். ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மறைக்கும் என்று இரண்டு பேர் போய் நின்று பார்த்து உறுதி செய்தார்கள். இரண்டு எண்ணையும் அடிக்காமல், பக்கத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று மட்டும் எழுதிவைத்தார்கள்.

அடுத்த மாதம் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறேன். 1895இல் தொடங்கியது; கல்திட்டைகளில் கிடைத்தவை அங்கே இருக்கின்றன. தலைமையாசிரியை சிஸ்டர் அனுமதித்துவிட்டார், கடிதமும் அனுப்பியாயிற்று. போவதற்கு முன் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இதுவரை வந்தவற்றில் பாதிக்குமேல் எனக்கே விடை தெரியாதவை. பானையை யார் செய்தது, ஆணா பெண்ணா? அவர்களுக்கும் குறிஞ்சி பூத்ததா? இறந்தவர்களுக்கு அவ்வளவு பெரிய கல்லை வைத்தவர்கள், இருந்தவர்களுக்கு எதில் வீடு கட்டினார்கள்? அங்குள்ளவர்களிடம் கேட்கலாம். அவர்களுக்கும் தெரியாது என்றால், அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருவோம்.